ரெஃபரியின் கையைப் பார், கண்ணு

வியாசர்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சரியாகப் பேசவில்லை. “என் கையில பட்டுத்தான்பா உள்ள போச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ கோல்கீப்பராக நின்ற ஃபுட்பால் மேட்ச்சை உன் தோழி வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள், அதை அம்மாவும் நானும் நாலைந்து தடவை பார்த்தோம். அம்மா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரெஃபரியின் கையைப் பார்த்தேன். தலைக்கு மேல் நேராகத் தூக்கியிருந்தார்.

அது இன்டைரக்ட் ஃப்ரீகிக், கண்ணு, உங்கள் தப்புக்காக எதிரணிக்குக் கொடுத்த அடி. உங்கள் பேக், தடுத்து ஆடுகிறவள், காலை ரொம்ப உயரத் தூக்கினாள். எதிராளி மேல் படவில்லை, ஆனால் பட்டிருக்கும். அதற்கு இன்டைரக்ட்தான். பட்டிருந்தால் டைரக்ட் கொடுத்திருப்பார். இன்டைரக்டில் அடிப்பவளைத் தவிர இன்னொருவர் மேல் பந்து பட்ட பிறகு உள்ளே போனால்தான் கோல் செல்லுபடியாகும். எதிரணி ஃபார்வர்ட் யாருக்கும் தட்டிவிடாமல் நேராகவே அடித்துவிட்டாள். சுவர் மாதிரி வரிசையாக நின்ற உங்கள் ஆட்களுக்கு மேலே பறந்து வந்த பந்து யார் மேலும் உரசவில்லை. நீ தொடாமல் விட்டிருந்தால் வலைக்குள் போயிருக்கும், ஆனால் கோல் ஆகாது, பந்து கோல் கிக்காக உங்களுக்கே கிடைத்திருக்கும். உன் விரல் நுனி பட்டதும் அது கோல் ஆகிவிட்டது.

இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. வருகிற பந்தைத் தடு, தடு என்று பத்து வயதிலிருந்து உன் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். விடு என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் குறை.

அதனால் இனி விசில் கேட்டதும் முதலில் அவர் கையைப் பார். கை மேலே இருந்தால், “இன்டைரக்ட்!” என்று பேக் எல்லோருக்கும் கேட்கும்படி கத்து. கோலை நோக்கி அடித்த பந்து இன்னொருவர் மேல் படும்வரை அல்லது வெளியே போகும்வரை அவர் கையை இறக்கமாட்டார். ஆனால் பந்து பறக்கும்போது நீ அவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுவரில் நிற்பவர்கள் யாருடைய தலைமுடியிலாவது உரசியதா என்று சந்தேகம் வந்தால் தடுத்துவிடு, யோசிக்காதே. யார் மேலும் படவில்லை என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் விடு. ஒருவேளை ரெஃபரி கை தூக்க மறந்து, பந்து நேராக உள்ளே போனால், திரும்ப அடிக்கச் சொல்வார். கோல் கிடையாது.

இன்னொன்றும் உனக்கு வரும். 1992-க்கு முன்னால், பேக் காலால் திருப்பித் தருகிற பந்தை கோலி கையால் எடுக்கலாம். அந்த வருடம் விதி மாறியது, கையால் எடுத்தால் எதிரணிக்கு இன்டைரக்ட். அடுத்த வருடம் முல்லை நகர் கிரவுண்டில் ஒரு மேட்ச்சில், எங்கள் கோலி பழக்கதோஷத்தில் நான் கொடுத்த பந்தை அள்ளிவிட்டான். கோலுக்குப் பக்கத்திலேயே. கோலிலிருந்து 5.5 மீட்டர் தள்ளி இருக்கிற கோட்டில் பந்தை வைத்தார்கள். தடுக்கிற அணி பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். அவ்வளவு இடம் இல்லாததால் கம்பங்களுக்கு நடுவே கோல் கோட்டின் மேலேயே நிற்கலாம். பதினோரு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அவர்கள் ஒருவன் லேசாகத் தட்டினான். பந்து நகர்ந்ததும் நான் பாய்ந்தேன். அடி தொடையில் விழுந்தது. கோல் இல்லை. பந்தின் தையல் அச்சு ஒரு வாரம் தொடையில் இருந்தது, அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த மாதிரி நேரத்தில் பந்தை விடுவது என்ற பேச்சே வேண்டாம். வரிசையில் யார் மேல் பட்டு உள்ளே போனாலும் கோல்தான். பந்து நகர்ந்த நொடியில் எல்லோரும் முன்னால் பாயவேண்டும், அதற்கு முன்னால் ஒரு அடிகூட எடுக்கக்கூடாது. இதை உன் டீமுக்கு நீதான் சொல்லித்தரவேண்டும்.

உன் பழைய கையுறையின் கிழிசலை அம்மா தைத்து வைத்திருக்கிறாள். பொங்கல் லீவுக்கு வா. காலை ஆறு மணிக்கு கிரவுண்ட் காலியாக இருக்கும். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நான் இருபது பந்து நேராக அடிக்கிறேன். நீ கோலில் நின்று, ஒன்றைக்கூடத் தொடாமல் விடு.

அன்புடன்,
அப்பா