மஞ்சள் பெட்டியில் இருந்த ஊர்

ரொச்செஸ்டர், நியூயோர்க்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். போன கிழமை தொலைபேசியில், "அங்கே என்ன கமெராதான் பிள்ளை செய்கிறாய்?" என்று கேட்டீர்கள். நான் சொல்லத் தொடங்க லைன் போய்விட்டது. அது கதைத்து முடிகிற விஷயமுமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஸ்டூடியோ இருட்டறை அலுமாரியில் மஞ்சள் பெட்டிகள் அடுக்கியிருக்குமே, அவற்றின் பக்கத்தில் சின்ன எழுத்தில் ரொச்செஸ்டர் என்று போட்டிருக்கும். நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் வெளிநாட்டுப் பெயர் அது. ஜோர்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் முதல் கொடாக் கமெராவை விற்றது இந்த ஊரிலிருந்துதான். 100 படத்துக்கான ரோலைப் போட்டே விற்பார்களாம். எடுத்து முடிந்ததும் கமெராவோடு இங்கே அனுப்பினால் கழுவிக் கொடுப்பார்களாம். அவர்களுடைய பழைய கோபுரக் கட்டடம் இன்னும் நிற்கிறது. முதல் நாள் பஸ்ஸில் போகும்போது அதைக் கண்டுவிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்ப நடந்துவந்து பார்த்தேன். நீங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

குளிர் தொடங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள், தடித்த ஜக்கெற் வாங்கிவிட்டேன். சாப்பாட்டுக்கும் குறையில்லை.

இனி வேலை. இங்கே பல்கலைக்கழகத்தில் ஒமேகா என்றொரு பெரிய லேசர் 1995 முதல் இயங்குகிறது. 60 கதிர்கள் நாலா பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு சின்ன உருண்டையில் பாயும். உருண்டை ஒரு மில்லிமீற்றர்கூட வராது, கடுகிலும் சின்னது. உள்ளே ஐதரசனின் பாரமான இரண்டு வகைகள். மேலோடு வெந்து வெளியே பீறிட, மிச்சம் உள்ளே நசியும். அந்த நசிவிலும் சூட்டிலும் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சக்தியை விடும். ஒரு பக்கம் கூட, மறுபக்கம் குறைய அழுத்தினால், கையில் பிடித்த இடியப்ப மாவு விரலிடுக்கால் பிதுங்குவதுபோலப் பிதுங்கிவிடும். எப்போது, எந்தப் பக்கத்தால் பிதுங்கியது என்று பார்க்கத்தான் கமெரா.

அந்தச் சூட்டிலிருந்து வருவது எக்ஸ்றே. சாதாரண கண்ணாடி வில்லைக்கு அது வளைந்து கொடுக்காது. ஆகவே நாங்கள் பாவிப்பது என்ன தெரியுமா? ஊசித்துளை! ஆறாம் வகுப்பில் எனக்குப் பால்மா டின்னில் தையலூசியால் ஓட்டை போட்டுத் தந்தீர்களே, அதே வித்தைதான். இங்கே துளை உலோகத் தகட்டில், மயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்களவு. கோட்டை வாசலில் நின்ற மான்களை அந்த டின்னால் பிடித்தோம். மதில் வடிவாக விழுந்தது, மான்கள் மட்டும் புகைபோல. "மான் அசைந்திட்டுது பிள்ளை, நம்மட டின் அவ்வளவு கெதியில்லை" என்றீர்கள். இப்போது எனக்கு முன்னால் நிற்கிற மான் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது.

கமெராவுக்குள் பிலிமுக்குப் பதிலாக இருக்கும் சிப்பின் பெயர் இக்காரஸ். நியூ மெக்சிகோவிலுள்ள சாண்டியா ஆய்வுகூடத்தில் உருவானது. 1024க்கு 512 புள்ளிகள். உங்கள் ரோலில் 36 படம், இதில் நாலே நாலு. ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 2 நானோ செக்கன்தான் கண் திறக்கும். நானோ செக்கன் என்றால் ஒரு செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு நானோ செக்கனில் வெளிச்சமே நம் பள்ளிக்கூட அடிமட்டத்தின் நீளம்தான் போகும். அந்த வேகத்தில் படத்தை வெளியே அனுப்ப நேரமில்லாததால், ஒவ்வொரு புள்ளியும் தன் நாலு படத்தையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எல்லாம் அடங்கிய பிறகு ஆறுதலாக எடுத்துக்கொள்வோம்.

கடைசி இறுக்கத்துக்கு இதுவும் காணாது. அது நிலைப்பது 100 பிக்கோ செக்கன் அளவில், அதாவது ஒரு நானோ செக்கனில் பத்தில் ஒன்று. அதற்கொரு அருமையான உபாயம் இருக்கிறது. எக்ஸ்றேயை முதலில் இலத்திரன்களாக மாற்றி, முன்னால் வருபவற்றைக் கூடிய வேகத்திலும் பின்னால் வருபவற்றைக் குறைந்த வேகத்திலும் ஓடவிடுவார்கள். திருகோணமலையிலிருந்து ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு பஸ் வெளிக்கிட்டு, முதலாவது பறந்து, இரண்டாவது ஊர்ந்தால், கந்தளாய் வரும்போது இடைவெளி எவ்வளவு ஆகியிருக்கும்? அப்படி நீட்டிவிட்டால் மெதுவான கமெராவும் அதைப் பிடித்துவிடும்.

போன மாதம் ஒரு பிழை விட்டேன். மேசையில் ஒரு சிறிய லேசரை வைத்துச் சிப்பைச் சோதிக்கும்போது நாலு படமும் கறுப்பு. இரண்டு நாள் சிப்பில்தான் கோளாறு என்று தேடினேன். மூன்றாம் நாள்தான் ஞாபகம் வந்தது, நீங்கள் ஒரு கல்யாண வீட்டில் ஷட்டரை 60க்கு மேல் வைத்து, ஃபிளாஷ் ஒத்துவராமல் பாதிப் படம் கறுப்பாக வந்தது. உடனே வயரைப் பார்த்தேன். கமெராவுக்குப் போகும் வயரை 2 மீற்றர் நீளமானதாக நானே மாற்றியிருக்கிறேன். ஒரு மீற்றருக்கு 5 நானோ செக்கன் தாமதம். லேசர் மின்னி முடிந்த பிறகுதான் கமெரா கண்ணைத் திறந்திருக்கிறது. பழைய வயரைப் போட்டதும் நாலு படமும் விழுந்தன. அன்று உங்களுக்கு எடுத்த அழைப்புத்தான் அந்த நடுச்சாமத்து அழைப்பு.

ஸ்டூடியோவின் பெயர்ப்பலகையைக் கழற்றின அன்று, "என்ர தொழில் என்னோட சரி" என்று சொன்னீர்கள். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது அப்பா. இங்கே நான் ஒவ்வொரு நாளும் செய்வது நீங்கள் பழக்கின வேலையைத்தான்.

இதனால் கரண்ட் வருமா என்று தம்பி கேட்டானாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டில் இருந்த பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பது? அதே வருடம் டிசம்பர் 5ஆம் திகதி கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் இப்படியொரு உருண்டையை நசிக்க 2.05 மெகா ஜூல் லேசர் சக்தி கொடுத்து 3.15 மெகா ஜூல் எடுத்தார்கள். ஆனால் அந்த லேசரை இயக்கவே ஏறக்குறைய 300 மெகா ஜூல் மின்சாரம் போனது. ஆகவே கெதியில் வராது என்று சொல்லுங்கள். ஆனால் அந்த ஐதரசன் வகைகளில் ஒன்று நம் துறைமுகத் தண்ணீரிலும் இருக்கிறது, 6,400 ஐதரசன் அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில். அதையும் சொல்லுங்கள்.

அங்கே மாரி தொடங்கியிருக்கும். போன முறை வந்தபோது நெகடிவ் பெட்டிகளில் பூஞ்சணம் கண்டேன். தம்பியிடம் சொல்லி அவற்றைச் சுவரோரத்திலிருந்து எடுத்து உள்ளறைக் கட்டிலில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் பைக்கற்றுகள் கொஞ்சம் பெரியம்மாவின் மகனிடம் கொடுத்திருக்கிறேன், மார்கழியில் கொண்டுவருவார். பெட்டிக்கு இரண்டு போடுங்கள். மான் படத்தின் தாள் நெகடிவ் அகப்பட்டால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். சித்திரைக்கு வரும்போது நான் கொண்டுபோகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
சின்னவள்