கையில் வரும் தொகையைச் சொல்லுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பொறியியல், கலை, அறிவியல் கல்லூரி முதல்வர்களுக்கும் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆண்டுதோறும் நேர்காணலுக்காக உங்கள் வளாகங்களுக்கு வருபவர்களில் நானும் ஒருவன். சென்ற ஆண்டு எங்களிடம் சேர்ந்த ஒரு மாணவரின் தந்தை, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடுபவர், மகனின் முதல் மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாயிலுக்கே வந்துவிட்டார். "முப்பதாயிரம்னு காலேஜ்ல சொன்னாங்க சார். பையன் கைக்கு வந்தது இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். மீதி எங்க போச்சு?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் 'பேக்கேஜ்' என்பது அந்த ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. மாதத்துக்கு 30,000, அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 சதவீதமான 1,800 ரூபாயும், பணிக்கொடைக்கென (கிராஜுவிட்டி) ஒதுக்கும் 4.81 சதவீதமான ஏறத்தாழ 720 ரூபாயும், செயல்திறனைப் பார்த்து ஆண்டிறுதியில் தரப்படும் தொகையின் மாதப் பங்கான 3,000 ரூபாயும் அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடக்கம். எஞ்சிய 24,480 ரூபாயில் ஊழியரின் பங்காக இன்னொரு 1,800 ரூபாய் வைப்பு நிதிக்குப் போகிறது. தொழில் வரியும் கழிந்தால் நிற்பதுதான் அவர் கண்ட தொகை. "மண்டியில பெட்டி விலை ஒண்ணு, கமிஷனும் வண்டி வாடகையும் போகக் கைக்கு வர்றது ஒண்ணு, அந்த மாதிரிங்களா?" என்றார். கமிஷன் திரும்பி வராது, வைப்பு நிதி வரும் என்று மட்டும் திருத்தினேன். பத்து நிமிடத்தில் அவருக்கு விளங்கிய கணக்கை நான்கு ஆண்டுகள் பொறியியல் படித்த மகனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் தரப்பிலும் தவறு உண்டு. பணி ஆணையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை நேர்காணல் அன்று நாங்கள் வாய்திறந்து சொல்வதில்லை.

ஆனால் எதிர்பார்ப்பு முளைப்பது உங்கள் நுழைவாயிலில் நிற்கும் பதாகையில்தான். ஒரே ஒரு மாணவர் பெற்ற உச்ச சம்பளம் அதில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஒரு மாணவர் நான்கு நிறுவனங்களில் தேர்வானால் நான்கு வேலைகளாக எண்ணும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களிலேயே புதியவர்களுக்கான தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நகராமல் நிற்கிறது. இது தெரியாத மாணவர், எட்டு லட்சத்துக்குக் குறைந்த எதையும் தோல்வி என்று கருதி வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்.

இதைவிட என்னை உறுத்துவது, தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியை வேலையென்று அறிவிப்பது. 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டப்படி, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. அளவைக் கருவிகளையும் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தையும் ஓராண்டு நெருங்கிப் பழக அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை என்று நானே மாணவர்களிடம் சொல்வேன். ஆனால் பயிற்சி என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். ஓசூரில் பகிர்வு அறைக்கும் சாப்பாட்டுக்குமே அந்தப் பணம் ஏறக்குறைய தீர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கல்விக் கடன் வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது என்பது பலருக்குத் தெரிகிறது. அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கலை, அறிவியல் மாணவர்களின் நிலை தனி மடலுக்குரியது. குரூப் 4 இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயும் அகவிலைப்படியும் என்று அவர்களுக்கு மனப்பாடம். தனியார் வேலையின் கணக்குதான் எவருக்கும் தெரியவில்லை.

பதாகையில் உச்ச சம்பளத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் தகுதி பெற்றிருந்தனர், எத்தனை பேர் உண்மையில் பணியில் சேர்ந்தனர், சம்பள வரிசையின் நடுவில் நிற்கும் மாணவருக்குக் கையில் எவ்வளவு வருகிறது என்பவற்றையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஊக்கப் பேச்சாளர்களுக்குப் பதிலாக, வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆன உங்கள் பழைய மாணவர்களைச் சம்பளச் சீட்டோடு அழைத்துப் பேச வையுங்கள். என் பங்குக்கு, அடுத்த நேர்காணலுக்கு முன்பே எங்கள் பணி ஆணையின் மாதிரியையும், கையில் வரும் தொகையைக் கணக்கிட்டுத் தமிழில் எழுதிய ஒரு தாளையும் அனுப்பிவைக்கிறேன். மாணவர்கள் கையெழுத்திடுவதற்கு முன் பெற்றோரும் படிக்கும்படி அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு மனிதவள அலுவலர்