சுஃபன்ஹவுசன் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

சுஃபன்ஹவுசனில் இருக்கும் போர்ஷே கார் கம்பெனியின் ஆவணக் காப்பகத்தில் உனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துபோனது. உன் தோழி வாங்க நினைக்கும் 1973 கரேரா ஆர்.எஸ். (போர்ஷே 911 காரில் பந்தயத்துக்காகச் செய்த வகை) அசல்தானா என்று பார்த்துச் சொல்லத்தான் போகிறாய். அதனால் கையில் எதை வைத்துக்கொண்டு போக வேண்டும், அங்கே எதை எப்படிப் படிக்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காப்பகம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். "இந்த வண்டியைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டால் அங்கே இருப்பவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. "இந்த சேசிஸ் நம்பரில் வெளியே போன வண்டியில் எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், என்ன பெயின்ட், எந்த எம் நம்பர் (ஃபேக்டரி வைத்த வகைக் குறியீடு)?" என்று கேட்டால் எந்த அலமாரியைத் திறப்பது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே பாதி வேலை காப்பகத்துக்குப் போவதற்கு முன்னாலேயே, வண்டிக்குப் பக்கத்தில் முடிய வேண்டும்.

வண்டியில் எடுக்க வேண்டியது நான்கு. சேசிஸ் நம்பர் முன் டிக்கியில், கம்பளத்தைத் தூக்கினால் பாடித் தகட்டிலேயே பொறித்திருக்கும். அங்கே திருகியிருக்கும் அலுமினியப் பட்டையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதே. பட்டையை எவரும் கழற்றி மாட்டலாம். இன்ஜின் நம்பர் பின்னால், கூலிங் ஃபேனுக்கு வலப்பக்கம் கேஸிலேயே (இன்ஜினின் வெளிக்கூடு) இருக்கும் சின்ன மேடையில் இருக்கும். கியர்பாக்ஸ் நம்பர் அடிப்பக்கம். வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் தெரியாது. பெயின்ட் நம்பர் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள தகட்டில்.

படம் எடுக்கும்போது டார்ச்சை நேராக அடிக்காதே. பக்கவாட்டில், தகட்டை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடி. அப்போதுதான் பொறிப்பின் ஆழம் நிழலாக விழும். படத்துக்குள் வரும்படி ஒரு ஸ்கேல் வை. அழுக்கை மெல்லிய துணியால் துடைக்கலாம். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ பக்கத்தில் வரக்கூடாது. நீ தேய்த்த கோடும் போலி செய்தவன் தேய்த்த கோடும் பிற்பாடு ஒன்றுபோலவே தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி ஒரு படியும் எடுத்துக்கொள். போட்டோவில் கேமரா கோணத்தால் எண் நீளும், குறுகும். உரசிய படியில் அளவு மாறாது.

இனி நம்பரைப் பிரித்துப் படிப்பது. 911 360 0001 என்று எடுத்துக்கொள். முதல் மூன்று இலக்கம் வண்டியின் டைப். அடுத்த 3 என்பது 1973 மாடல் ஆண்டு. அதற்கடுத்த 6தான் ஆர்.எஸ். என்று சொல்லும் இலக்கம். அதே இடத்தில் 3 இருந்தால் 911 எஸ், 2 இருந்தால் 911 ஈ. பிறகு வரும் 0 கூபே என்பதற்கு. கடைசி நான்கும் வரிசை எண். இன்ஜின் நம்பரில் இந்த முறை மாறும்: 663 என்று தொடங்கும், அதாவது ஆறு சிலிண்டர், ஆர்.எஸ். வகை, 1973. சேசிஸில் ஆண்டு முன்னால், வகை பின்னால். இன்ஜினில் வகை முன்னால், ஆண்டு பின்னால். 633 என்று தொடங்கினால் அது எஸ் வண்டியின் இன்ஜின். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்த ஒன்றைப் பார்க்காமல் மேலே போகாதே. ஆர்.எஸ். இன்ஜினின் டைப் 911/83. 2,687 சிசி, 210 குதிரைத்திறன், சிலிண்டர் விட்டம் 90 மில்லிமீட்டர்.

ஆர்.எஸ். மொத்தம் 1,580 வண்டி. பந்தய அனுமதிக்கு 500 போதும் என்று தொடங்கியது இவ்வளவு தூரம் போனது. எம் 472 என்பது டூரிங், 1,308 வண்டி. எம் 471 என்பது எடை குறைத்தது, 200. பந்தயத்துக்கான எம் 491 ஆர்.எஸ்.ஆர். 55. மீதி 17 அனுமதிக்காகவே கட்டிய அடிப்படை வண்டிகள். விற்பவர் 471 என்று சொல்லி, பதிவேட்டில் 472 என்று இருந்தால் வண்டி போலி ஆகிவிடாது. ஆனால் விலையில் பெரிய இடைவெளி உண்டு. டூரிங்கின் உள்ளலங்காரத்தைப் பிடுங்கிவிட்டு 471 என்று சொல்வது சுலபம். அதனால் எம் நம்பரைப் பதிவேட்டிலிருந்து நீயே கேட்டுக் குறித்துக்கொள்.

தேதியில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1973 மாடல் ஆண்டு 1972 ஆகஸ்ட் வாக்கிலேயே தொடங்கிவிடும். ஆர்.எஸ்.ஸை மக்கள் பார்த்ததே 1972 அக்டோபர் பாரிஸ் கண்காட்சியில்தான். பதிவேட்டில் 1972 கடைசியில் ஒரு தேதி இருந்தால் பதறாதே. கட்டி முடித்த தேதி வேறு, டீலருக்குப் போன தேதி வேறு, சாலைக்குப் பதிவான தேதி வேறு. எந்தத் தேதி எது என்று தலைப்போடு சேர்த்து எழுதிக்கொள். வெறும் தேதியை மட்டும் குறித்து வந்தால் பிற்பாடு எதற்கும் உதவாது.

இதில் கஷ்டமான இடம் இதுதான்: பதிவேடு ஒரு நம்பர் அசல் என்று சொல்லும், உன் முன்னால் நிற்கும் இரும்பு அசல் என்று அதனால் சொல்ல முடியாது. நொறுங்கிப்போன ஆர்.எஸ். ஒன்றிலிருந்து நம்பர் உள்ள தகட்டை வெட்டி, சாதாரண 911 டி வண்டியில் வைத்து வெல்டு செய்து, பின் மட்கார்டை அகலமாக்கி, வாத்து வால் (ஆர்.எஸ்.ஸின் பின்மூடியில் தூக்கி நிற்கும் ஸ்பாய்லர்) மாட்டிவிட்டால் காகிதம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் நம்பரைச் சுற்றியுள்ள தகட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஃபேக்டரி ஸ்பாட் வெல்டு வட்டமாக, சம இடைவெளியில் இருக்கும். பிற்காலத்து வெல்டு கோடாக ஓடும், அதன்மேல் தடிமனான அண்டர்சீல் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) பூசியிருக்கும். தகட்டின் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல். இன்ஜின் மேடையில், வார்ப்பின் சொரசொரப்பு சுற்றிலும் இருந்து எண் உள்ள இடம் மட்டும் ஒரு மயிரிழை பள்ளமாக, வழவழவென்று இருந்தால், அங்கே யாரோ தேய்த்து மறுபடி பொறித்திருக்கிறார்கள். எண்கள் கொஞ்சம் கோணலாக இருப்பது மட்டும் குற்றமல்ல, கையால் அடித்தது அப்படித்தான் இருக்கும். அதே மாதத்தில் வந்த வேறொரு வண்டியின் 3ஐயும் 6ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடு.

இன்ஜின் நம்பர் பொருந்தவில்லை என்றால் உடனே மோசடி என்று முடிவு கட்டாதே. அந்தக் காலத்து கேஸ் மெக்னீசியம். சூட்டில் தளர்ந்து, ஹெட் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டு) இழையோடு பிடுங்கிக்கொண்டு வரும். அப்போது கேஸையே மாற்றியவர்கள் உண்டு. முறையான ரசீதோடு மாற்றியவர்களும் உண்டு. அது விலை பேச வேண்டிய விஷயம். பொருந்தாத நம்பரைச் சுரண்டிப் பொருந்தும்படி மாற்றியிருந்தால்தான் அந்த வண்டியைவிட்டு விலகச் சொல்வேன்.

காப்பகத்தில் இருப்பவர்கள் தங்கள் பதிவேட்டில் உள்ள இன்ஜின் நம்பரைச் சொல்லாமல், நீ கொடுத்தது பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லக்கூடும். மனம் சுளிக்காதே. நம்பரை வெளியே விட்டால் அதையே அடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பழைய உரிமையாளர் பெயரும் கேட்டவுடன் கிடைக்காது. ஜெர்மனியில் தனிமனிதர் விவரங்களைக் காக்கும் சட்டம் கறாரானது.

911க்கு முன் வந்த 356 வண்டிக்கும் தொடக்க கால 911க்கும் கார்டெக்ஸ் என்ற அட்டை முறை இருந்தது. ஆர்.எஸ். வேலைக்கு அது தேவைப்படாது. ஆனாலும் அனுமதித்தால் ஒன்றையாவது பார்த்துவிட்டு வா, கண்ணு. ஒரே அட்டையில் சேசிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி கட்டியவர் பெயர், பெயின்ட், இருக்கைத் துணி, சாவி நம்பர், கூடுதல் பொருத்தங்கள், டீலர், கொடுத்த தேதி எல்லாம் இருக்கும். வாரன்டியில் செய்த வேலைகள் பின்னால் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். மை மாறும் இடத்தைக் கவனி. அது வேறொரு நாளில் வேறொருவர் எழுதியது. ஜெர்மானியர் 1க்கு மேலே நீண்ட கோடு இழுப்பார்கள், நம் கண்ணுக்கு 7 மாதிரியே இருக்கும். அவர்களுடைய 7க்கு நடுவில் குறுக்குக்கோடு உண்டு. இந்த ஒரு குழப்பத்தில் நம்பரே மாறிப்போகும். 2,7 என்று எழுதியிருந்தால் அது இரண்டு புள்ளி ஏழு.

வரைபடம் ஏதாவது கொண்டுவந்து விரித்தால், வலது கீழ் மூலையில் உள்ள கட்டத்திலிருந்து தொடங்கு. பாகத்தின் எண், அளவுகோல், வரைந்த தேதி, கையெழுத்து எல்லாம் அங்கே. அதையொட்டி மாற்றங்களின் பட்டியல் இருக்கும். உன் வண்டி கட்டிய தேதிக்குப் பிறகு வந்த மாற்றம் உன் வண்டிக்குப் பொருந்தாது. தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதே. டிரேசிங் தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். எழுதியுள்ள அளவை மட்டும் நம்பு. ஐரோப்பிய முறையில் இடப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கம் வரைவார்கள். அமெரிக்க வரைபடம் பார்த்துப் பழகிய கண் இடம் வலம் மாற்றிப் புரிந்துகொள்ளும்.

பாக எண்ணும் ஒரு சாட்சிதான். 911.361.020 என்றால் முதல் மூன்று எந்த டைப்புக்காக வரைந்தது, அடுத்த மூன்று எந்தப் பகுதி (361 என்றால் சக்கரம்), பிறகு பாகம். கடைசியில் வரும் இரண்டு இலக்கம் எத்தனையாவது திருத்தம். நடு மூன்றில் 1இல் தொடங்குவது இன்ஜின், 5 பாடி, 6 மின்சாரம். பாகத்தின் கடைசி இலக்கம் பெரும்பாலும் ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம். 911 வண்டியில் 901 என்று தொடங்கும் பாகம் இருந்தால் சந்தேகப்படாதே: 1963 ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் அந்த வண்டியின் பெயரே 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர் பிரான்சில் தங்களுக்குத்தான் என்று பியூஜோ சொல்லவே 1964இல் 911 ஆக்கினார்கள். பாக எண்களை மாற்றவில்லை. 1973 வண்டியில் 930 என்று தொடங்கும் பாகம் தெரிந்தால் அது பிற்பாடு மாட்டியது, டர்போ காலத்தது.

ஒரு நம்பருக்கு என்ன வலு என்று பார்க்க போர்ஷே மியூசியத்திலேயே சாட்சி உண்டு. 2014இல் ஒரு கொட்டகையில் கிடந்த இரண்டு பழைய 911களை மதிப்பிடச் சொல்லி மியூசியத்தாரிடம் கேட்டார்கள். சேசிஸ் நம்பரைப் பார்த்தபோது ஒன்று 300.057 என்று தெரிந்தது. 1964 அக்டோபரில், பெயர் மாறுவதற்கு முன் 901 என்றே கட்டிய 82 வண்டிகளில் ஒன்று. துருவேறி, முன் மட்கார்டுகள் இரண்டும் இல்லாமல் கிடந்தது. மூன்று வருடம் செப்பனிட்டு, சிவப்பு நிறத்திலேயே 2017 டிசம்பரில் காட்சிக்கு வைத்தார்கள். அந்த வயதுடைய 911 அதுவரை மியூசியத்திடமே இல்லை. அங்கே இருந்தால் அதன் முன் கொஞ்ச நேரம் நில்.

கைப்பழக்கம் பற்றி: பேனாவைப் பையிலேயே விட்டுவிடு, பென்சில் மட்டும். காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறும் கை போதும்; பருத்தி உறையோடு தொட்டால் ஓரம் சிக்கிக் கிழியும். போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும் நைட்ரைல் உறை. கண்ணாடி நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடி. மங்கலாகத் தெரியும் பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அங்கே விரல் படக்கூடாது. ஃபிலிம் பெட்டியைத் திறக்கும்போது வினிகர் வாசனை வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூடிவிட்டு உடனே அவர்களிடம் சொல். கோப்பில் தாள்களின் வரிசையைக் கலைக்காதே. பழைய பத்திரிகைப் படங்களில் பின்னணியைத் தூரிகையால் மறைத்திருப்பார்கள், வண்டியே விற்பனைக்கு முன் செய்து பார்த்த மாதிரி வண்டியாக இருக்கலாம். ஒரு சின்னப் பொருத்தத்துக்கு அந்தப் படத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டாதே. நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்களா என்று நம்பர் பிளேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்திலிருந்து எஸ்6 புறநகர் ரயில் பிடித்து நொய்விர்ட்ஸ்ஹவுஸில் இறங்கினால் எதிரிலேயே மியூசியம். காப்பகமும் அதே கட்டடம். திங்கட்கிழமை மியூசியம் விடுமுறை. கீழே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பழைய வண்டிகளைச் செப்பனிடும் பட்டறை தெரியும். உள்ளே போகும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதே.

பார்த்த ஒவ்வொரு தாளுக்கும் கோப்பு எண், பக்கம், படமானால் பின்னால் உள்ள நெகட்டிவ் எண்ணையும் குறித்துவிடு. அவர்கள் சொல்லும் பதிலை எழுத்தில் தர முடியுமா என்று கிளம்பும் முன் கேள். வண்டியைப் பார்க்கப் போகும் அன்றே இன்ஜின் மேடையின் படத்தை எனக்கு அனுப்பு, சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்ததை. தோழியிடம் அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அப்பா