காய்ந்த சிலிண்டர் காட்டும் எண்

அன்புள்ள நித்யாவுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். சாலை அடுக்குக்கான மண்-சிமென்ட் கலவை, ஒரே கலவையில் ஒரே நாளில் அச்சில் போட்ட சோதனைச் சிலிண்டர்கள். மேசைமேல் திறந்து வைத்தவை, கவரில் சுற்றி வைத்தவற்றைவிட ஏழாம் நாள் விறைப்பு (அழுத்தினால் வளைந்து கொடுக்காத தன்மை) அதிகம் காட்டுகின்றனவே என்று கேட்டிருக்கிறாய். மெஷினில் கோளாறு இல்லை. மண் காயும்போது துகள்களுக்கிடையில் மிஞ்சும் கொஞ்ச ஈரம் அவற்றை இழுத்துப் பிடிக்கும். அது கடன் வாங்கிய விறைப்பு. ஒரு நாள் தண்ணீரில் போட்டால் போய்விடும். சிமென்ட் பிணைத்தது மட்டுந்தான் நிற்கும்.

50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. உயரமுள்ள சிலிண்டரின் ஈர எடை ஏறக்குறைய 390 கிராம். காய்ந்த கலவையின் எடையில் 11 சதவீத ஈரம், காய்ந்த மண்ணின் எடையில் 5 சதவீத சிமென்ட் என்றால் உள்ளே தண்ணீர் 39 கிராம், சிமென்ட் 17 கிராம். அந்த சிமென்ட் முழுதும் வினைபுரிய 7 கிராம் தண்ணீர் போதும். அப்புறம் காய்ந்தால்தான் என்ன என்று தோன்றும். ஆனால் துளைகளுக்குள் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால், தண்ணீர் மிச்சமிருந்தும் வினை ஏறக்குறைய நின்றுவிடும். பிறகு நனைத்தால் மறுபடி தொடங்கும். அதற்குள் விழுந்த நுண்விரிசல்கள் முழுதாக மூடாது. களி கூடுதலான மண்ணில் அந்த விரிசல்கள் முந்திக்கொள்ளும், காய்ந்த சிலிண்டரே விறைப்பு குறைத்துக் காட்டலாம். மணல் மண்ணில் ஏறியும் களிமண்ணில் இறங்கியும் வருவதற்குக் காரணம் இதுதான்.

அச்சிலிருந்து எடுத்ததும் எடை போடு. பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, 27 டிகிரியில் வை. ஏழாம் நாள் மறுபடி எடை போடு. 2 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரைக் கணக்கில் சேர்க்காதே. மீதியில் பாதியை அப்படியே சோதி, பாதியை ஒரு நாள் ஊறவைத்துச் சோதி. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் எனக்கு வேண்டும். ஒலித்துடிப்பு வேகம் (சிலிண்டருக்குள் ஒலி அலை ஓடும் வேகம்) எடுத்து அதிலிருந்து விறைப்பைக் கணக்கிடுகிறாய் என்றால் இன்னொன்று: விறைப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, வேகத்தில் 10 சதவீதப் பிழை விறைப்பில் 21 ஆகும். ஊறிய மாதிரியில், அதுவும் சிமென்ட் குறைவானதில், அழுத்த அலையைத் தண்ணீரே கடத்திவிடும். அங்கே தண்ணீர் கடத்தாத குறுக்கு அலையைப் பார்.

சைட்டுக்கு வருவோம். ஐஆர்சி 37 (2018), அதாவது இந்திய சாலைக் காங்கிரஸின் சாலை வடிவமைப்பு வழிகாட்டி, சிமென்ட் கலந்த பேஸ் அடுக்குக்கு (தாருக்குக் கீழே வரும் அடுக்கு) விறைப்பு 5000 மெகாபாஸ்கல் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. கியூரிங் (ஈரம் காயாமல் சிமென்டை இறுக விடுவது) கெட்டால் அந்த எண் காகிதத்தோடு சரி. ஏழு நாளும் மேற்பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். காலையில் ஒரு டேங்கர் அடித்துவிட்டு மாலைவரை வெயிலில் விடுவது ரொம்ப மோசம்; நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பொடியாகும். சாவியால் கீறிப் பார், மாவாக உதிர்ந்தால் அதன்மேல் எதையும் போடவிடாதே. முதல் நாள் ஹோஸ் வைத்துப் பீச்சக் கூடாது, சிமென்ட் கழுவிக்கொண்டு போகும், பூத்தூறல்தான். தண்ணீருக்கு உறுதி இல்லையென்றால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்க பிற்றுமன் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்க்குழம்பு) அடிக்கச் சொல். ரோலர் முடிந்த அன்றே, பரப்பு ஈரமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டேங்கர் வராது என்பதை வெள்ளிக்கிழமையே யோசி.

அடுத்த அட்டவணையில் எடைக்கு இரண்டு பத்தி சேர்த்து அனுப்பு.

அம்மா