குல்ஃபிக்கு பதிலா எங்கப்பா

தண்ணில நனஞ்ச எங்கப்பா போட்டோங்கள்ல கடைசி கவரும் நேத்து ராத்திரி பிரிச்சு முடிஞ்சிருச்சுங்க. மொத்தம் 43 கவரு. கடைசி போட்டோவ துணி மேல மல்லாக்க வெச்சுட்டு மணி பாத்தா ரெண்டே முக்கா, அதுக்கப்புறம் தூக்கம் வரல, அதான் இப்பவே உக்காந்து எழுதறேன், நாளைக்குன்னு விட்டா எழுத மாட்டேன்னு எனக்கே தெரியும். அங்கங்க தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

அன்னிக்கு சேலம் அஸ்தம்பட்டில எங்கப்பா ஷெட்டுக்குள்ள தண்ணி புகுந்து அவரு சேத்து வெச்ச ரேஸ் போட்டோ, நெகட்டிவு, நோட்டு எல்லாம் நனஞ்சிருச்சு, அத முழுசா திரும்ப சொல்லப் போறதில்ல. உங்கள்ல பாதிப் பேரு அந்த ராத்திரி ஷெட்டுல என்கூட முழங்கால் தண்ணில நின்னவங்க, மீதிப் பேருக்கு நான் அழுதுகிட்டே அனுப்புன வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கும். அது போதும்.

நன்றி சொல்ல ஆரம்பிச்சா நெறைய பேரு இருக்கீங்க, ஆனா முதல்ல ஐஸ்கடை அக்கா. பேரு போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, "என்னத்துக்கு கண்ணு, பொட்டில கொஞ்சம் எடம் குடுத்ததுக்கெல்லாம் பேரா"ன்னு. அதனால அக்கான்னே எழுதறேன். ஏற்காடு அடிவாரத்துக்கு போற ரோட்டுல சர்பத்து, பால் ஐஸ், குல்ஃபி விக்கற சின்னக் கடை, அந்தப் பக்கம் போனவங்களுக்கு தெரியும்.

விடியக் காலைல செவ்வாப்பேட்டை ஸ்டுடியோ தாத்தாவுக்கு போன் போட்டேன். எடுத்தவொடனே அவரு சொன்னது, "காய வெக்காத. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கறத அப்படியே காய விட்டின்னா செங்கல்லு மாதிரி ஆயிரும், அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. ஒடனே பிரிக்க ஆளில்லைன்னா கவர்ல போட்டு உறைய வெச்சுரு, பொறவு கொஞ்சம் கொஞ்சமா எடுத்து பச்சத் தண்ணில போட்டு பிரிச்சுக்கலாம்." இந்த வெயிலுக்கு ரெண்டு நாள் விட்டா பூஞ்சை புடிச்சிரும்னும் சொன்னாரு. ரெண்டாயிரத்துக்கு மேல போட்டோ, அது போக நெகட்டிவு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல மேல இருக்கற பொட்டி ரெண்டு ஐஸ் ட்ரேக்கே மூச்சு முட்டும்.

ரெண்டு பெரிய கடைல கேட்டேன், சீசன் நேரம்னு சொல்லிட்டாங்க, அவங்கள தப்பு சொல்ல முடியாது. மீன் கடைக்காரரு குடுக்கறேன்னாரு, நான்தான் வாசத்துக்கு பயந்தேன். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு பக்கெட்ட ஸ்கூட்டில வெச்சுகிட்டு ரோட்டோரம் நின்னு மூக்க சிந்திட்டு இருந்தேன், கடை வாசல் கழுவிட்டு இருந்த அக்கா தொடப்பத்தோட வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி அவங்களுக்கும் எனக்கும் எந்தப் பழக்கமும் இல்ல, ஒரு தடவ சர்பத்து குடிச்சிருப்பேன்.

போட்டோ நனஞ்சிருச்சுக்கான்னேன். கல்யாண போட்டோவான்னாங்க. இல்லக்கா ரேஸ் போட்டோ. "ரேஸா? குதிரையா?" பைக்கு, அப்புறம் சின்னப் பசங்க ஓட்டுற கார்ட்டுன்னு ஒரு குட்டி ரேஸ் வண்டி. அக்கா ஒரு நிமிசம் பக்கெட்டையே பாத்துட்டு இருந்தாங்க. இவ்வளவுக்கும் அது மே மாசம் சனிக்கிழமை, இன்னும் ரெண்டு மணி நேரத்துல மலைக்குப் போற காரெல்லாம் அந்த வாசல்ல வரிசை கட்டும். உள்ள போனாங்க, ரெண்டு டீப் ஃப்ரீசர்ல ஒண்ணத் தொறந்து குல்ஃபிய வெளிய எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த பொட்டில புடிச்ச வரைக்கும் திணிச்சாங்க, மிச்சத்த அங்க நின்ன புள்ளைங்களுக்கும், எதுத்த லோடு வண்டில மூட்ட ஏத்திட்டு இருந்தவங்களுக்கும் குடுத்துட்டாங்க. காலங்காத்தால ஏழரை மணிக்கு அத்தன பேரு ரோட்டுல நின்னு குல்ஃபி தின்னத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். அழுதுகிட்டே நானும் ஒண்ணு தின்னேன், பொய் சொல்லக் கூடாது.

வாடகை பேசப் போனேன். அதுக்கு அவங்க சொன்னத அப்படியே எழுதறேன்: "பொட்டி எப்படியும் ஓடத்தான் போவுது. உள்ள குல்ஃபி இருந்தா என்ன, உங்கப்பா இருந்தா என்ன."

மூணாவது நாள் ராத்திரி மலைல காத்தும் மழையும், ஒம்போது மணிக்கு போன கரண்டு விடிகாலைதான் வந்துச்சு. நான் இங்க வீட்டுல உக்காந்து செத்துட்டு இருந்தேன். அஞ்சரைக்கு அக்கா போன், "கட்டியாத்தான் இருக்கு கண்ணு, நீ தூங்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாங்க. அவங்க பையன் ஒரு வாரம் கழிச்சு சொல்லித்தான் மிச்சம் தெரிஞ்சுது. மூடியத் தொறக்காம இருந்தா குளிர் நிக்கும்னு அவங்களுக்கு தொழில்ல தெரியும், ஆனாலும் மனசு கேக்காம கையில இருந்த ஐஸ் கட்டி மொத்தத்தையும் எங்க பொட்டில அடுக்கிட்டு, மேல கோணிச் சாக்கு, கம்பளி எல்லாம் போத்தி, யாரும் மறந்து தொறந்துரக் கூடாதுன்னு அதுக்கு முன்னாடியே கட்டில் போட்டு படுத்திருக்காங்க. அவங்க பால் ஐஸ் இருந்த பொட்டி பாதி உருகிப் போச்சு. அதப் பத்தி எங்கிட்ட இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த பேசல.

சொந்தக்காரங்களே "பழைய போட்டோவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா"ன்னு கேட்ட வாரம் அது. எதையாவது பத்திரப்படுத்தறதுன்னே நடத்தற ஒரு எடத்துல போய்க் கேட்டதுக்கும் இதே பதில்தான், கொஞ்சம் நாகரீகமா. எந்த எடம்னு எழுதல. அக்கா மட்டும், இது எதுக்கு உதவும்னு ஒரு கேள்வி கூட கேக்கல. நனஞ்சிருக்கு, உறைய வெக்கணும், எங்கிட்ட பொட்டி இருக்கு, அவ்வளவுதான் அவங்க கணக்கு.

ஷெட்டுக்கு வந்து வளந்தவங்களுக்கு இது எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா இந்த மடல அக்கா பையன் அவங்களுக்கு படிச்சுக் காட்டப் போறான், அதனால அவங்களுக்காக எழுதறேன். அக்கா, அப்பா எண்பதுகள்ல சேலத்துப் பசங்களோட மெக்கானிக்கா சோழவரம் ரேஸுக்கு போயிட்டு வருவாரு. அது ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம், அதுலதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்துனாங்க. 1990ல இருங்காட்டுக்கோட்டைல ட்ராக் வந்துச்சு, சோழவரம் கதையாயிருச்சு. 2003ல கோயமுத்தூர் பக்கம் கரி ஸ்பீட்வே வந்துச்சு. அதுக்கெல்லாம் பேப்பர்ல படம் இருக்கு, ஜெயிச்சவங்க பேரு இருக்கு, யாரு வேணா தேடி எடுத்துக்கலாம். நம்ம ஊருல ஏரி வத்துனா பழைய டயரையும் மண் மூட்டையையும் வட்டமா அடுக்கி, ஒரு சுத்து அரை நிமிசம் கூட வராத ட்ராக்குல பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க மொபெட்டு ஓட்டுனது எந்தப் பேப்பர்ல வந்துச்சு? மழ வந்தா ட்ராக்கே தண்ணிக்குள்ள. அந்தப் பசங்க ஓட்டுனதுக்கு இருக்கற சாட்சி இந்தப் போட்டோப் பொட்டி ஒண்ணுதான்.

ஹெல்மெட்டு இல்லாதவனுக்கு வண்டி கிடையாது, கொடி புடிக்கலாம், அது அப்பா சட்டம். ஷெட்டுல பைப்ப வளச்சு வெல்டிங் வெச்சு ஒரு கார்ட்டு பண்ணுனாரு, பழைய ஸ்கூட்டர் இன்ஜின் போட்டு. கார்ட்டுக்கு பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே ஆக்சில்ல இருக்கும், ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரென்ஷியல் கிடையாது, வளைவுல உள்பக்கத்து பின் சக்கரம் லேசா தரைய விட்டுத் தூக்கலைன்னா வண்டி திரும்பாம நேராவே தள்ளிட்டுப் போயிரும். இத எங்களுக்கு புரிய வெக்க ரெண்டு தட்டுவடைய ஒரு பென்சில்ல குத்தி மேசை மேல உருட்டிக் காட்டுவாரு. பாதி நேரம் தட்டுவடை ஒடஞ்சிரும். ஒடஞ்சத யாரு திங்கறதுன்னு அடிச்சுக்குவோம், பாடம் அதோட முடிஞ்சிரும்.

அப்பா எழுதுன நோட்டுங்க ஒம்போது இருந்துச்சு, ஏழு பொழச்சிருச்சு. எந்த வண்டிக்கு என்ன ஜெட்டு (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை), பெட்ரோல்ல எவ்வளவு ஆயில், ஸ்பார்க் பிளக்கு என்ன கலர்ல வந்துச்சு, எல்லாம் இருக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் "கீழ", "மேல"ன்னு ரெண்டு கட்டம். கீழன்னா சேலம், மேலன்னா ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனா காத்து லேசாயிரும், அதே ஜெட்டுல ஓட்டுனா பெட்ரோல் அதிகமா விழுந்து பிளக்கு கருத்துரும், மேல போனா சின்ன ஜெட்டு மாத்து, எறங்குனவொடனே மறக்காம பழச போடு, இல்லைன்னா பிளக்கு வெளுத்து பிஸ்டன் போயிரும்னு அடிக்கோடு போட்டு எழுதிருக்காரு. நரேன் கார்த்திகேயன் 2005ல மெல்போர்ன்ல முதல் ஃபார்முலா 1 கார் ரேஸ் ஓட்டுன ஞாயித்துக்கிழமையும் ஒரு பக்கத்துல இருக்கு. "15வது. வண்டி முழுசா வந்து சேந்துச்சு"ன்னு. அதுக்குக் கீழயே யாரோட ஆர்எக்ஸ் 100க்கோ செயின் மாத்துன கணக்கு.

இப்ப வருத்தமான விசயம். அறுபது போட்டோவுக்கு மேல பிரியவே இல்ல, போச்சு. பொழச்சதுலயும் பாதிக்கு பேரு போயிருச்சு. அப்பா முன்னாடியெல்லாம் காதுல சொருகியிருக்கற பென்சில எடுத்து போட்டோ பின்னாடி எல்லார் பேரையும் எழுதுவாரு, ஜெயிச்சவன்ல இருந்து கடைசியா வந்தவன் வரைக்கும். அது அத்தனையும் தண்ணில ஊறியும் அப்படியே இருக்கு. அப்புறம் யாரோ ஒரு நல்ல மை பேனா பரிசு குடுத்தாங்க, அதுல இருந்து மரியாதையா மைல எழுத ஆரம்பிச்சாரு. அந்த வருசங்கள்ல எல்லாம் பின்பக்கம் வெறும் நீலக் கறை. முகம் இருக்கு, பேரு இல்ல. அந்தப் பேனா மேல எனக்கு இன்னும் கோவம் ஆறல.

சரி, மத்தவங்க. ஸ்டுடியோ தாத்தா மூணு வாரம் தெனமும் பஸ் ஏறி வந்தாரு, படம் இருக்கற பக்கத்துல வெரல் வெச்சவங்களுக்கு எல்லாம் திட்டு விழுந்துச்சு, வாங்குன திட்டுக்கும் சேத்து நன்றி தாத்தா. அம்மாபேட்டைல இருந்து தறிக்காரங்க விக்காத வேட்டித் துணியா குடுத்து விட்டாங்க, அத்தன போட்டோவும் காஞ்சது அது மேலதான். பொட்டிங்கள ஏத்தி எறக்குன ஆட்டோ அண்ணன், நெகட்டிவு தொங்கவிட துணி கிளிப்பு மொத்தத்தையும் கழட்டிக் குடுத்துட்டு ஈரத்துணிய மொட்டமாடி சுவத்துல காயப் போட்ட மாடி வீட்டு அத்தை, ராத்திரில உக்காந்து ஸ்கேன் பண்ணுன காலேஜ் பசங்க நாலு பேரு, எல்லாருக்கும் சோறு ஆக்கிப் போட்ட எங்கம்மா. தனித்தனியா வந்து கும்பிடறேன்.

இனிமே ஸ்கேன் பண்ணுனது மூணு எடத்துல இருக்கும், அதுல ஒண்ணு கண்டிப்பா மொத மாடிக்கு மேல. பேரு பென்சில்லதான். வர்ற ஞாயிறுல இருந்து வாரா வாரம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அஸ்தம்பட்டி ஷெட்டுல பேரில்லாத போட்டோ எல்லாத்தையும் மேசைல பரப்பி வெப்பேன், ஏரியில ஓட்டுனவங்க, கொடி புடிச்சவங்க, வேடிக்க பாத்தவங்க யாரா இருந்தாலும் வந்து பாருங்க, உங்க அண்ணன் தம்பி, சித்தப்பா, மாமா யாராவது அதுல இருப்பாங்க. கண்ணாடி போடறவங்க கண்ணாடியோட வாங்க. டீ உண்டு, தட்டுவடை செட்டு உண்டு.

அக்கா எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. ஒரு கவர பிரிச்சப்ப கூட நின்னுட்டு இருந்தாங்க, அதுல ஒரு பையன், தலைக்கு ரெண்டு சைஸ் பெரிய ஹெல்மெட்டு, நெஞ்சுல 17னு துணில தச்சிருக்கு, நின்னு போன மொபெட்ட முடிவுக் கோட்டத் தாண்டி தள்ளிட்டு வர்றான். பின்னாடி ஆளே இல்ல, எல்லாரும் முடிச்சுட்டு போயிட்டாங்க போல, கொடி புடிச்சவன் மட்டும் நிக்கறான். பேரு மைல எழுதுனது, அழிஞ்சு போச்சு. அக்கா அத கையிலயே வெச்சுட்டு, "இந்தப் பையன் இப்ப என்ன பண்றான்"னு கேட்டாங்க. நான் தெரியலக்கான்னேன். அதுல இருந்து எப்ப கடைக்கு போனாலும் "17 கெடச்சானா"ன்னுதான் மொதல்ல கேக்கறாங்க, அப்புறம்தான் சர்பத்து.

அந்தப் போட்டோவ இதோட போட்டிருக்கேன். 90 இல்ல 91ஆ இருக்கணும், பின்னாடி தெரியற ஏரிக் கரைய வெச்சு சொல்றேன். அவன் யாருன்னு தெரிஞ்சா எங்கிட்ட சொல்லணும்னு இல்ல, நேரா அக்கா கடைக்கு போய் சொல்லிருங்க.