அண்ணனுக்குக் கட்டில் வந்துவிட்டது

அன்புள்ள சேகருக்கு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு ஆனி பிறந்து பதில் போடுகிறேன். திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். ரவி பெண் கல்யாணத்துக்கு வராததற்கும் சேர்த்துத்தான்.

விஷயம் அண்ணன். கணையத்தில் புற்றுநோய். தை மாதமே தெரியும், உனக்கு எழுதக் கை வரவில்லை. கீமோ நாலு தடவை கொடுத்தார்கள், அதற்கு மேல் உடம்பு தாங்கவில்லை. எப்போதும் நின்றுகொண்டே பேசுகிற டாக்டர், போன மாதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஹாஸ்பிஸ் என்றார். கடைசிக் காலத்தில் வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு.

அது ஏதோ தனி ஆஸ்பத்திரி என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அவரவர் வீடுதானாம். செலவு மெடிகேரில், அதாவது அமெரிக்க அரசாங்கம் வயதானவர்களுக்குத் தருகிற மருத்துவக் காப்பீட்டில். அண்ணன் முப்பது வருஷம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தாரே, அந்தப் பணம். ஆனால் வாசலிலேயே இரண்டு காகிதம் இருக்கிறது. நோய் அதன் போக்கில் போனால் ஆயுள் ஆறு மாதமோ அதற்கும் குறைவோ என்று இரண்டு டாக்டர்கள் எழுதித் தரவேண்டும். இந்த நோயைக் குணப்படுத்தும் வைத்தியம் இனி வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நோயாளி கையெழுத்துப் போடவேண்டும். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டு (நீ சிரிப்பாய், தெரியும்) கையெழுத்துப் போட்டார். நான்தான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

ஆறு மாதம் என்பது கெடு இல்லை. முதலில் 90 நாள், இன்னொரு 90 நாள், அதற்கப்புறம் அறுபது அறுபது நாளாக, டாக்டர் எழுதித் தரும்வரை நீட்டலாம். மனசு மாறினால் எந்த நாளும் விட்டுவிட்டு வைத்தியத்துக்குத் திரும்பலாம். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸில் சேர்ந்தவர், 100 வயதைத் தாண்டி 2024 டிசம்பர் கடைசியில்தான் போனார். அண்ணி இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

கையெழுத்துப் போட்ட மறுநாளே கட்டில் வந்துவிட்டது. தலைப்பக்கம் தூக்குகிற கட்டில், ஆக்சிஜன், கமோட், சக்கர நாற்காலி எல்லாம். ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, உள்ளே மார்ஃபின் திரவம். வலி மருந்துக்கு நம் பங்கு அதிகம் போனால் 5 டாலர். வாரத்தில் இரண்டு நாள் நர்ஸ் வருகிறார், குளிப்பாட்ட ஒரு பெண் வருகிறாள். ஒரு பாதிரியார்கூட வந்தார்! அண்ணன் அவரை உட்கார வைத்துத் திருச்சிக் கதை அளந்து அனுப்பினார். மற்றபடி எங்களுக்குப் பில் இல்லை. ஹாஸ்பிஸ்காரர்களுக்கு அரசாங்கம் நாள் கணக்கில் கொடுத்துவிடுகிறது.

இவ்வளவும் கேட்டு, ஆகா அமெரிக்கா என்று எழுதிவிடாதே. ராத்திரிக்கு ஆள் கிடையாது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. நர்ஸை எந்நேரமும் கூப்பிடலாம், அவசரமென்றால் வருவார். ஆனால் விடிய விடியப் பக்கத்தில் உட்கார, புரட்டிப் படுக்க வைக்க, வீட்டு ஆள்தான். தனியாக ஆள் போட்டால் மணிக்கு 30 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். நீயே பெருக்கிப் பார். வீட்டார் ஓய்வெடுக்க ஐந்து நாள்வரை வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ள மெடிகேர் கொடுக்கும், அவ்வளவுதான். நர்சிங் ஹோமில் சேர்த்தாலும் வைத்தியம்தான் அவர்கள் கணக்கு. தங்குவதும் சாப்பாடும் நம் தலையில்.

அந்தச் செலவை ஏற்பது மெடிகெய்ட் என்கிற வேறொரு அரசாங்கத் திட்டம், இல்லாதவர்களுக்கானது. வயதானவர்கள் அந்த வழியில் போனால் நியூஜெர்சியில் தனியாளின் கையிருப்பு 2,000 டாலருக்குள் இருக்கவேண்டும். மனைவிக்கென்று கொஞ்சம் கூடுதலாக விடுவார்கள். விசாரிக்கப் போனேன். ஐந்து வருஷத்துக் கொடுக்கல் வாங்கலைக் கேட்டார்கள். இரண்டு வருஷம் முன்னால் மீனா வீடு வாங்க அண்ணன் பணம் கொடுத்தாரில்லையா, அதுவும் கணக்கில் வருமாம். பெண்ணுக்குக் கொடுத்தது குற்றமா என்று எனக்கு ஆத்திரம். எதிரே இருந்த பெண் குரலை உயர்த்தவே இல்லை. தன் அம்மாவுக்கும் இதே படிவத்தைத்தான் நிரப்பினேன் என்றாள். அதற்கப்புறம் என்ன பேச? எழுந்து வந்துவிட்டேன். மீனாவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் வாட்ஸாப்பில் உளறிவைக்காதே.

ஆக அண்ணியும் நானும் முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை என் பங்கு. அண்ணன் பகலெல்லாம் தூங்கிவிட்டு அந்நேரம்தான் விழிக்கிறார், பேச்சும் அப்போதுதான். நேற்று உன்னைப் பற்றி. சைக்கிளை இரவல் வாங்கிப் போய்ச் செயினை அறுத்துக்கொண்டு வந்தானே, அந்தக் காசு இன்னும் வரவில்லை என்றார். கொள்ளிடம் பாலத்தில் அதைத் தள்ளிக்கொண்டு வந்ததை நீ எப்படிச் சொல்வாயோ அப்படியே நடித்துக் காட்டினார், படுத்தபடி.

எனக்கும் சொல்லச் சொல்லக் கதை தீர்ந்துவிட்டது. இங்கே ராத்திரி இரண்டு மணி என்றால் உனக்குக் காலை பதினொன்றரை. கடையில் கூட்டம் இராது. போன் பண்ணு. காசைத் தரமாட்டேன் என்று சண்டை போடு, அவருக்குப் பிடிக்கும்.

உன்,
கண்ணன்