வீடற்றோருக்குத் தேவை நிரந்தர வீடும் உடன் துணையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில், நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவர்கள் நனையாத இடம் தேடி ஆண்டுக்கு இருமுறை அலைகிறார்கள். தண்டவாளம் முடிகிற ஊர் கன்னியாகுமரி என்பதால், மனநலம் குன்றிய நிலையில் வடமாநிலங்களில் எங்கோ ரயிலேறியவர்களும் இங்கே இறங்கி, சொந்த ஊரின் பெயரைச் சொல்லத் தெரியாமல் தங்கிவிடுகிறார்கள்.

நான் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், இப்படி வந்து சேர்ந்த ஓர் அம்மா சில வாரச் சிகிச்சையில் தெளிந்து, தானே தலைவாரிக்கொள்ளும் அளவுக்குத் தேறினார். அவரை அனுப்பும் நாளில் ஒரு மாதத்துக்கான மாத்திரைகளைக் கொடுத்தோமே தவிர, எங்கே போவீர்கள் என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு ஒருநாள் அவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, மாத்திரைப் பொட்டலம் மழையில் கரைந்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் குற்றவுணர்வு இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் காப்பகம் வேண்டும் என்றது, 2024 வரை நடந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம். அது அவசியமே. ஆனால் காப்பகத்தில் கிடைப்பது பாயும் இரவுப் பாதுகாப்பும்தான். நான் கேட்பது, காலவரையறை இல்லாத வீடு. அதோடு மாத்திரை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்குத் துணை நிற்க வீட்டுக்கே தவறாமல் வந்துபோகும் ஒரு பணியாளர். குடியை விட்ட பிறகுதான், நோய் முழுவதும் தீர்ந்த பிறகுதான் வீடு என்ற நிபந்தனை கூடாது. நியூயார்க்கில் 1992-இல் இம்முறையைத் தொடங்கினார்கள். பின்லாந்து 2008 முதல் இதையே நாட்டின் கொள்கையாக்கி, பழைய விடுதிகளை வீடுகளாக மாற்றியது. நம் சென்னையிலேயே பான்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு, நீண்டகாலம் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களை நான்கைந்து பேராக, சாதாரணத் தெருவிலுள்ள வாடகை வீடுகளில் குடியமர்த்தி வருகிறது. குடும்பம் கைவிட்டவர்களும் சமூகத்தில் வாழும் உரிமை உடையவர்கள் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கூறுகிறது. அவர்களுக்கான குழு இல்லங்களை ஏற்படுத்தும் கடமையையும் அது அரசின்மீதே சுமத்துகிறது.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் நம் மாவட்டத்தில் இனிக் கட்டும் குடியிருப்புகளில் தரைத்தள வீடுகள் சிலவற்றை இவர்களுக்கென ஒதுக்க வேண்டும். அதுவரை காத்திராமல், கோட்டாறு, வடிவீஸ்வரம் பகுதிகளில் ஐந்து வீடுகளையாவது நாகர்கோவில் மாநகராட்சி தன் பெயரிலேயே வாடகைக்கு எடுக்கலாம். தயங்கும் வீட்டு உரிமையாளர்களுக்கு அதுவே உத்தரவாதமாகும். துணைப் பணியாளர்களில் ஒருவருக்காவது இந்தியோ வங்காளமோ தெரிந்திருப்பது அவசியம். அடுத்த மழைக்காலத்துக்குள் இதைத் தொடங்க மாவட்ட ஆட்சியர் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்.